சவ வண்டிக்கு எந்தப் பைப்?

நம் எக்ஸோஸ் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அங்கிள், கஸ்டம் எக்ஸோஸ் செய்றப்ப மைல்ட் ஸ்டீலா, ஸ்டெய்ன்லெஸா, டைட்டானியமா, எது பெஸ்ட்? ஒரே வார்த்தையில சொல்லுங்க லா." அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் நான் ஏன் இத்தனை வருடம் புகைக்குழாய் மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்? அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. ஏற்கெனவே உட்கார முடியாத ஆள் நான். கடையை மகனிடம் விட்டுவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். கீழே சாலையில் ஏதாவது கார் உறுமிக்கொண்டு போனால், குடித்துக்கொண்டிருக்கும் தேநீரை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன். "நடு மஃப்ளர் போச்சு, இன்னும் ஒரு மாசம்தான்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. மைல்ட் ஸ்டீல் மலிவு, சத்தம் கனமாக, இதமாக இருக்கும், துரு பிடிக்கும். அலுமினியப் பூச்சு போட்டது அதைவிடக் கொஞ்சம் தாங்கும். 304 ஸ்டெய்ன்லெஸ் பளபளக்கும், சத்தத்தில் ஒரு கீச்சு இருக்கும், வாடிக்கையாளர் படம் எடுத்துப் போடுவார். டைட்டானியத்துக்கு எடையே இல்லை, விலையைக் கேட்டால் நமக்கும் எடை குறைந்துவிடும். காந்தம் வைத்துப் பார்த்து 'ஒட்டவில்லை, நல்ல சாமான்' என்று தலையாட்டுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மட்டமான 201 ஸ்டெய்ன்லெஸ்கூடத்தான் காந்தத்தில் ஒட்டாது. இதெல்லாம் கைப்பேசியில் தேடினாலே வந்துவிடும்.

தேடினால் வராதது ஒன்று இருக்கிறது. அந்த வண்டி என்ன வாழ்க்கை வாழ்கிறது என்பது அது. எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் அதில் உட்காருகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் அதற்கு என்ன நடக்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கேட்க எனக்கே தோன்றியதில்லை, முகுந்தனின் வண்டி வரும் வரைக்கும்.

முகுந்தன் பண்டமாரான்காரர். அப்போது முப்பதைத் தாண்டியிருப்பார். ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கி, சவ வண்டியாக மாற்றி, கிளாங் வட்டாரத்தில் ஈமச் சடங்கு வேலை பார்த்து வந்தார். உள்ளே நடுவில் பெட்டி, இரண்டு பக்கமும் குடும்பத்தார் உட்கார நீளமான பலகை. அவர்தான் முதலாளி, அவர்தான் டிரைவர், பெட்டிக்கு ஒரு முனையில் தோள் கொடுப்பதும் அவர்தான். பண்டமாரான் போகும் சாலையில் இருந்த என் கடைக்கு அவர் வந்தபோது வேலைக்காரப் பிள்ளைகள் எல்லாம் சட்டென்று பின்பக்கம் போய்விட்டார்கள். சவ வண்டி என்றால் சும்மாவா.

"பாஸ், என் வண்டி சத்தமே போடக்கூடாது" என்றார்.

"ஏன், உள்ள இருக்கிறவர் எழுந்திருச்சிடுவாரா?"

அவர் சிரிக்கவில்லை. "சாவு வீட்டு வாசல்ல ஏர்கான் போட்டுத்தான் வைக்கணும். இஞ்சின் ஓடிட்டே இருக்கும். உள்ள தேவாரம் பாடுறாங்க, வெளிய என் வண்டி கர்ருங்குது. போன வாரம் ஒரு ஆன்டி என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, எங்க வீட்டுக்காரரு உயிரோட இருந்தப்பவே சத்தம் புடிக்காது, இப்பவாவது விட்டுடு'ன்னு சொல்லி அழுதுட்டாங்க. எனக்கு மூஞ்ச எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல லா."

சத்தம் வேண்டாம் என்றால் கை தானாக மைல்ட் ஸ்டீலுக்குப் போகும். நான் அப்படிப் போகவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று உட்கார்ந்து விசாரித்தேன். மணிக்கணக்கில் வாசலில் நின்றபடி இஞ்சின் ஓடும். பிறகு, உடம்பை எரிக்கிற மின்சுடலை வரை நடை வேகத்தில் போகும். அப்படி ஓடும் வண்டியில் பைப் சரியாகச் சூடேறாது. புகையில் இருக்கிற நீராவி வெளியே போகாமல் பைப்புக்குள்ளேயே தண்ணீராகத் தங்கும். மைல்ட் ஸ்டீல் போட்டால் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். மேலே உட்கார்ந்திருப்பது குடும்பம். அதனால் தடிமனான 304 போட்டு, சத்தத்தை அடக்கப் பெரிய மஃப்ளர் வைத்து, வெல்டிங்கை எவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியுமோ அவ்வளவு சுத்தமாகச் செய்தேன். இஞ்சினை முடுக்கிவிட்டு, பக்கத்தில் நின்று பேசினால் குரலைத் தாழ்த்தியே பேசலாம். எனக்கு ஒரே பெருமை.

சில மாதங்களில் வண்டி திரும்பி வந்தது. அடியில் 'புஸ்' என்று ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால், வெல்டிங் ஓரமாக முடியளவுக்கு ஒரு விரிசல், ஊசி குத்திய மாதிரி இரண்டு மூன்று ஓட்டை. என் வாழ்க்கையில் 304 இவ்வளவு சீக்கிரம் போய் நான் பார்த்ததில்லை. வெட்டி, மாற்றி, திரும்ப வெல்டிங் அடித்துக் கொடுத்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் அதே விரிசல், வேறு இடத்தில். பைப் மேல் பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ படிந்திருந்தது. பக்கத்துத் துறைமுகத்துத் தூசி என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன்.

அந்த நாட்களில் என்னைப் பார்த்திருந்தால் நீங்கள் கடைப்பக்கமே வந்திருக்க மாட்டீர்கள். எதைத் தொட்டாலும் எரிச்சல். சாப்பிடும்போது விரிசல், குளிக்கும்போது விரிசல். வெட்டிய துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் சுங்கை வேயில் எனக்குப் பைப் கொடுக்கும் சீனக் கடை முதலாளி, நம் தவுக்கேயிடம் போய், 304 என்று சொல்லி 201-ஐத் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டை போட்டேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. துண்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். சாமான் அசல் என்றார். பிறகு, இந்த வண்டி கடலுக்குள்ளேயா ஓடுகிறது என்று மலாயில் கேட்டுவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பண்டமாரான் கடலோரம்தானே, உப்புக் காற்று என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். கடலோரத்தில் ஓடும் மற்ற வண்டிகள் ஏன் நன்றாக இருக்கின்றன என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

முகுந்தன் ஒவ்வொரு தடவை வரும்போதும் இளைத்துக்கொண்டே வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "என்னப்பா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "சாவு நெறைய பாஸ், தூக்கம் இல்ல" என்பார். அதோடு விட்டுவிடுவேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. நண்பகல் நேரம், வெயில் தாங்கவில்லை. கடைக்கு எதிரே சவ வண்டி கோணலாக வந்து நின்றது. பின்னால் நாலைந்து கார்கள். முகுந்தன் கதவைத் திறந்து இறங்கி, இறங்கிய இடத்திலேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாஸ், கொஞ்சம் தண்ணி. தலை வெடிக்குது."

நான் தண்ணீரோடு ஓடினேன். அவர் முகம் வியர்த்திருந்தது, வார்த்தை குழறியது. வண்டிக்குள் பார்த்தேன். பெட்டி. பக்கத்தில் இறந்தவரின் இரண்டு மகன்கள், ஒரு மகள். மகள் கைத்துணியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் வாந்தி என்று அண்ணன்காரன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். இளையவன் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தான். வண்டிக்கு அடியில் 'புஸ் புஸ்' என்று சத்தம்.

புகை உள்ளே ஏறுகிறது. பெட்ரோல் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலியாக வரும், குமட்டலாக வரும், தூக்கமாக வரும். அதற்குப் பிறகு எதுவும் வராது. நான் எட்டிக் கையை விட்டு இஞ்சினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

"எல்லாரும் எறங்குங்க! ஒடனே எறங்குங்க!"

பின்னால் நின்ற முதல் காரிலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தார். பிள்ளைகளின் தாய்மாமா. "யோவ், யாருய்யா நீ? எடுத்த ஒடம்ப நடு ரோட்டுல நிறுத்தலாமா? அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போற பிள்ளைங்க, எறங்குன்னு சொல்ற!"

"அண்ணே, புகை உள்ள வருது. இந்தப் பிள்ளைங்கள இதுலயே வச்சுக் கொண்டு போனீங்கன்னா, அங்க ஒண்ணு இல்ல, நாலு சடங்கு செய்யணும்."

கொடூரமான பேச்சுதான். வேறு எப்படிச் சொல்வதென்று அந்த நொடியில் எனக்குத் தெரியவில்லை. மாமா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளைகளை இறக்கி நிழலில் உட்கார வைத்தோம். காற்று பட்டதும் இளையவன் கண்ணைத் திறந்தான். ஆனால் உடம்பை வேறு வண்டிக்கு மாற்ற அவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. வீட்டிலிருந்து எடுத்த பெட்டியை வழியில் இறக்கக் கூடாது என்பதில் எல்லாரும் ஒரே பிடியாக நின்றார்கள். மின்சுடலையில் குறித்த நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் நமக்குத் தெரிந்த வேலையைச் செய்யத்தான் கை துடிக்கும். வெல்டிங் அடித்துவிடலாம் என்றான் என் கடைப்பையன் ஒருவன். மேலே பெட்டி, பக்கத்தில் பெட்ரோல் டாங்கி, சுற்றி அழுகிற கூட்டம். அந்த இடத்தில் நெருப்புப் பொறியா? வேண்டாம் என்றேன். பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி, விரிசல் மேல் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கினேன். அது அடைப்புதான், வைத்தியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் வண்டியில் ஆளைக் குறைக்க வேண்டும், காற்றை அதிகமாக்க வேண்டும்.

மாமாவுக்கு இப்போது உதவி செய்ய ஆசை வந்துவிட்டது. பின்கதவைத் தூக்கிக் கயிறு போட்டுக் கட்டத் தொடங்கினார். "நல்லாக் காத்து வரட்டும்."

"ஐயோ, அத மூடுங்கண்ணே!" என்று கத்தினேன். ஓடுகிற வண்டியில் பின்கதவைத் திறந்து வைத்தால் பின்னால் போகிற புகையெல்லாம் சுழன்று அதன் வழியாகவே உள்ளே ஏறும். நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பின்கதவை இறுக்கி மூடிவிட்டு, முன்பக்க ஜன்னல்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். ஏர்கானை நிறுத்தினேன். உடம்போடு ஒருவராவது போக வேண்டும் என்று மூத்த மகன் கெஞ்சினான். அவனை முன்னால் என் பக்கத்தில் உட்காரவைத்து, தலையை வெளியே வைத்துக்கொண்டே வா என்றேன். மற்றவர்கள் கார்களில் ஏறினார்கள். முகுந்தனை என் மகனோடு மருத்துவமனைக்கு அனுப்பினேன். வண்டியை நானே ஓட்டினேன். மின்சுடலை வரை அந்தப் பையன் தலையை வெளியே வைத்தபடியே வந்தான். இறங்கும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனான்.

அவர்கள் காரியம் நல்லபடி முடிந்தது. இனி முகுந்தனின் மனைவிக்குச் செய்தி சொல்ல வேண்டும். பெயர் பத்மா. கடைக்கு ஓரிரு தடவை வந்திருக்கிறாள், என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள். கைப்பேசியில் இதைச் சொல்ல மனம் வரவில்லை. காலி வண்டியை எடுத்துக்கொண்டு, ஜன்னல்கள் திறந்தபடி, எனக்கிருந்த பதற்றத்தில் வேகமாகவே பண்டமாரானுக்கு ஓட்டினேன். அந்த வண்டியின் பைப் நன்றாகச் சூடாவது ஒரே ஒரு பயணத்தில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சடங்கு முடிந்து வீடு திரும்பும்போது. போகும்போதுதான் நடை வேகம். திரும்பும்போது யாராக இருந்தாலும் விரட்டித்தானே வருவார்கள்.

வாசலில் நிறுத்தினேன். பத்மா கையில் ஒரு வாளியோடு காத்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, வாளியை அப்படியே வண்டிக்கு அடியில் வீசி ஊற்றினாள். 'சுர்ர்ர்' என்று ஆவி கிளம்பியது. மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது. தரையில் ஓடி வந்த தண்ணீரில் கரையாத கல்லுப்பு கிடந்தது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சூடான ஸ்டெய்ன்லெஸ் மேல் உப்புத் தண்ணீர். ஒவ்வொரு சாவுக்கும், ஒவ்வொரு தடவையும். பளபளவென்று இருக்கிற 304-க்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. அதுவும் வெல்டிங் பட்ட இடத்தில். தரைத் தகடு இணைகிற இடத்தையும் அதே உப்புதான் தின்றிருக்கும். அதன் வழியாகத்தான் புகை உள்ளே ஏறியிருக்கிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டிரைவர் இருக்கையில் நான். வாளி கீழே விழுந்தது.

"அவரு எங்க அங்கிள்?"

"நல்லா இருக்காரு மா. தலைச்சுத்தல். ஆஸ்பத்திரியில இருக்காரு. வா, போலாம்."

அந்த வண்டியில் அவளை ஏற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்தார். நானும் அவளும் பின்னால் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை, பேசிக்கொண்டே வந்தாள். ரொம்ப நாளாகவே முகுந்தனுக்குத் தலைவலியாம். வேலைக்குப் போகிற நாளில் மட்டும் வருமாம், வேலை இல்லாத நாளில் வராதாம். "எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு அங்கிள், ஏதோ ஒண்ணு கூடவே வண்டிக்கு அடியில தொத்திக்கிட்டு வருதுன்னு. கோயில்ல கேட்டோம், உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவச் சொன்னாங்க. முன்னாடி ஒரு கைப்பிடி உப்புதான் போடுவேன். வலி அதிகமாக அதிகமாக நானும் உப்ப அதிகமாக்கினேன்." ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "நேத்து உப்பு தீந்துபோச்சு. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு இருந்தத மட்டும் போட்டேன். இன்னிக்கிக் காலையில போய் வாங்கி என்ன பிரயோஜனம், அதான் இப்படி ஆயிடுச்சு. என் தப்புதான் அங்கிள்."

எனக்கு அந்தக் காரிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. பைப் கசிவதால் தலைவலி. தலைவலிக்கு உப்பு. உப்பால் இன்னும் கசிவு. எத்தனை மாதமாக இந்த வீட்டில் இது சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு இரண்டு பொட்டலம் உப்பு வாங்கி வருவாள். வாயைத் திறந்தால், புருஷனைக் காப்பாற்ற ஊற்றியதே அவனைக் கொல்லப் பார்த்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். விரிசலுக்குத் தகரம் வைக்க எனக்கு யோசனை தேவைப்படவில்லை. இதற்கு என்ன வைப்பது?

மருத்துவமனையில் முகுந்தன் ஆக்ஸிஜன் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பத்மா நடைவழி நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகு நான் சொன்னேன்.

"மா, அவரு கூட எதுவும் வரல. புகைதான். பைப்புல ஓட்டை, தரையில ஓட்டை. நான் அந்த வண்டிக்குப் போட்ட பைப் தப்பு. உப்புத் தண்ணி படுற வண்டிக்கு அத போட்டிருக்கக் கூடாது. நாளைக்கே மாத்திடுறேன். அது வரைக்கும் வண்டிய யாரும் தொடக் கூடாது."

"அப்ப உப்பு?"

"உப்பு பாவம், அது என்ன செய்யும்? பைப்தான் தப்பு."

அவள் எழுந்து முகுந்தனிடம் போனாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது வருகிறேன், எந்தப் பைப் என்ற கேள்விக்கு. டைட்டானியம் உப்புக்கு அசையாது. சவ வண்டிக்குப் பந்தயக் கார் பைப்பைப் போட்டு, வாசலில் அது கத்தினால் அந்த ஆன்டி என்னையே பெட்டியில் படுக்க வைத்துவிடுவார். விலையும் முகுந்தனுக்கு எட்டாது. இன்னும் உயர்ந்த ஸ்டெய்ன்லெஸ் இருக்கிறது. அது கொஞ்ச நாள் அதிகம் தாங்கும், பிறகு அதே மாதிரி பளபளத்துக்கொண்டே கண்ணுக்குத் தெரியாமல் விரியும். நான் எடுத்தது அலுமினியப் பூச்சு போட்ட தடிமனான மைல்ட் ஸ்டீல். பரீட்சையில் இப்படி எழுதினால் பூஜ்யம் போடுவார்கள். உள்ளே தண்ணீர் தங்குகிற வண்டிக்கு அது ஒரு நாள் அரிக்கத்தான் செய்யும். ஆனால் ஊரறிய அரிக்கும். பூச்சு உரியும், செதில் செதிலாகத் துரு தெரியும், தட்டினால் சத்தம் மாறும், மாற்ற நமக்கு நேரம் கொடுக்கும். ஆட்கள் உட்காருகிற இடத்துக்கு அடியில் ஒரு வெல்டிங்கூட வராமல், ஒரே நீளப் பைப்பை வளைத்துக் கொண்டுபோய், இணைப்பையெல்லாம் பின்சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினேன். தரைத் தகட்டின் ஓட்டைகளை அடைத்தேன். உள்ளே புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் மாட்டினேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அடிப்பக்கத்தைப் பார்க்க வண்டி தூக்கி மேடையில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சாவியைத் தர மாட்டேன் என்று முகுந்தனிடம் சொன்னேன்.

வண்டி இன்னும் தூக்கி மேடையில் உயரத்தில் நின்றுகொண்டிருந்தபோது இருவரும் வந்தார்கள். முகுந்தனை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு பத்மா உள்ளே வந்தாள். அந்த வண்டியின் அடிப்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றித்தான் பழக்கம். இப்போது நேராக அதற்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து, முன்னிருந்து பின் வரை மெதுவாகப் பார்த்தாள்.

"இவ்ளோதானா அங்கிள்?"

"இவ்ளோதான் மா."

சுவரோரம் நான் வெட்டிப் போட்டிருந்த பழைய பைப் கிடந்தது. இந்தத் தடவை நான் அதைத் துடைக்கவில்லை. அவள் குனிந்து அதை எடுத்தாள். விரிசல் ஓரமாக வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டாள். நான் தடுப்பதற்குள் விரலை நாக்கில் வைத்தாள்.

அவள் முகம் மாறியது. நான் மருத்துவமனையில் தேடித் தேடிச் சொன்ன வார்த்தைகளெல்லாம் அந்த நொடியில் ஒன்றுக்கும் உதவாமல் போயின.

பைப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் முகுந்தன் முன்னால் போய் நின்று அந்தத் துண்டை நீட்டினாள்.

"தொட்டு வாயில வச்சுப் பாருங்க."

"என்னடி இது?"

"பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விரலை வைத்து ருசி பார்த்தார். "உப்பு" என்றார். பிறகு அந்த விரிசலைப் பார்த்தார். அவருக்கும் புரிய நேரம் ஆகவில்லை. பத்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, தண்டனையை எதிர்பார்த்து நிற்கிறவளாக நின்றாள்.

முகுந்தன் பைப்பைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார்.

"இத்தன சாவு வீட்டுக்குப் போறேன்" என்றார். "பொணத்துக்கிட்ட போயிட்டு வர்றவன்னு சொந்தக்காரங்களே எனக்குத் தண்ணி எட்டத்துல வைப்பாங்க. நீ ஒருத்திதான் ஒவ்வொரு நாளும் வாசல்ல நின்ன."

அப்போதுதான் அவள் அழுதாள்.